இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள்

அத்தியாயம் 9

"செத்துப்போன கொசுவுக்குக்கூட இங்கே தனி அலமாரி இருக்கு அண்ணி. நமக்குத்தான் உட்கார ஒரு நாற்காலி இல்லை" என்றான் சில்லறை.

சில்லறை என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தெட்டு வயதுக்குள் முன்தலை முழுக்க மைதானமாகிவிட்ட மனிதன். மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்து, மூன்றிலும் வாயால் கெட்டவன். பையில் காசு குலுங்குவதுபோல அவன் வாயில் எந்நேரமும் ஏதாவது குலுங்கிக்கொண்டே இருக்கும். இப்போது அண்ணன் மனைவிக்கு உதவியாளர். அந்த அண்ணி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். தெருவில் அவளுக்கு ‘ஸ்கேன்’ என்று பெயர். கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே உள்ளே யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்லியும் விடுவாள். அதனால் அந்தத் தெருவில் பாதிப்பேர் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்கள்.

வெப்பமண்டல நோய்களுக்கான அந்த ஆராய்ச்சி மருத்துவமனையின் நூலகத்தில் அவர்கள் நின்றபோது மணி பதினொன்று. நாலு மணிக்கு விசாரணை. அதற்குள் எதையாவது பிடித்தாக வேண்டும்.

விசாரணை, ரெக்கார்டு அக்காவின் மேல். அண்ணி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். இருபத்தாறு வருஷமாக இதே மருத்துவமனையின் ஆவண அறையில் கேஸ் ஷீட்டுகளை அடுக்கி, கட்டி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தைக்கு மேல் பேசாத பிறவி. அவள் மீது குற்றச்சாட்டு: நூற்று நாற்பத்தெட்டு கொரோனா நோயாளிகளின் கேஸ் ஷீட்டைத் தொலைத்துவிட்டாள். நிரூபணமானால் வேலை போகும். போகிற வேலையோடு பெயரும் போகும்.

கதை இதுதான். கொரோனா வந்த முதல் வருஷம் இங்கே ஒரு பேராசிரியர் கட்டுரை ஒன்று வெளியிட்டார். ஒரு பழைய மாத்திரையைக் கொரோனா வார்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தாராம், ஒருவர்கூடச் சாகவில்லையாம். மூன்று வருஷம் கழித்து, எங்கேயோ யாரோ ஒரு சந்தேகப் பிராணி அந்த ஆய்விதழுக்கு எழுதிப்போட்டது: மூலத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். பேராசிரியர் தோளைக் குலுக்கினார். "எல்லாத்தையும் ஆவண அறைக்கு அனுப்பிட்டேனே! அந்தம்மா தொலைச்சிருப்பாங்க."

அக்காவிடம் இருந்தது ஆறு நீல நோட்டுகள். அறுபத்து நாலு நோயாளிகள். எல்லாம் அவள் கையெழுத்து. அதில் பத்தொன்பது பேர் இறந்திருந்தார்கள். இதைக் கொண்டுபோய் இயக்குநரிடம் காட்டியதுதான் அவள் செய்த தப்பு. அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "அப்போ மிச்சம் நூத்தி நாற்பத்தெட்டு எங்கேம்மா?" என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு சரியா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அச்சில் வந்துவிட்டதல்லவா!

நூலகர் வந்தார். மூன்று வருஷமாகப் பேச ஆள் கிடைக்காதவர்போல, கேட்பதற்கு முன்பே அலமாரியைத் திறந்தார்.

"இது கொரோனாவுக்கு முந்தின வருஷம் எங்க டாக்டருங்க எழுதின கட்டுரைங்க" என்று ஒல்லியான ஒரு கட்டை எடுத்து வைத்தார். "மலேரியா, யானைக்கால், எலிக்காய்ச்சல், பாம்புக்கடி. ஏழைபாழைங்களுக்கு வர்ற நோய். இது அடுத்த வருஷம்."

மேஜை அதிர்ந்தது. முந்தையதைவிட மூன்று மடங்கு தடிமன்.

"இதுல மூணுல ரெண்டு பங்கு கொரோனா. முப்பது வருஷமா பாம்புக்கடியைத் தவிர எதையும் தொடாத ஒரு டாக்டர், ‘பாம்புக்கடியும் கொரோனாவும்’னு எழுதினார்."

"பாம்பு இருமுச்சாமா?" என்றான் சில்லறை.

நூலகர் சிரித்தார். "முன்னாடியெல்லாம் ஒரு கட்டுரை அச்சேற ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும் தம்பி. ரெண்டு நிபுணர் படிப்பாங்க, கேள்வி கேப்பாங்க, திருத்தச் சொல்லுவாங்க. அந்த வருஷம் திங்கள்கிழமை வந்தது புதன்கிழமை ஓகே."

"என் தையல்காரர் ஒரு பேன்ட்டைச் சுருக்கவே ஒரு வாரம் கேக்கறார்."

"அவசரம்தான். தப்பு சொல்ல முடியாது. ஜனங்க செத்துக்கிட்டிருந்தாங்க. ராத்திரி பகலா நிஜமாவே உழைச்சு எழுதினவங்க பேப்பரும் இதே கட்டுலதான் இருக்கு. எது நெல்லு, எது பதருன்னு வெளியிலேருந்து எப்படித் தெரியும்?" நூலகர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பேராசிரியர் மட்டும் ரெண்டு வருஷத்துல நாற்பத்தொரு பேப்பர். கேன்டீன்ல அவர் பேரே நாற்பத்தொண்ணுதான். ‘நாற்பத்தொண்ணு வந்துட்டாரா?’ன்னுதான் கேப்பாங்க."

அண்ணி அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். தலைப்புக்குக் கீழே பத்தொன்பது பெயர்கள். பன்னிரண்டாவது பெயரில் விரல் நின்றது.

"இது உங்க இயக்குநர் இல்லையா? இன்னைக்கு விசாரிக்கப்போறவர்?"

"அவரேதான். அந்த ரெண்டு வருஷம் யார் எழுதினாலும் பன்னெண்டாவது சீட் அவருக்கு."

"பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி சீட் மாதிரி" என்றான் சில்லறை. ஆனால் சொல்லும்போதே அவனுக்கு நாக்கில் ஏதோ புளித்தது.

அண்ணியின் விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. பொடி எழுத்து. "ஆய்விதழுக்கு வந்து சேர்ந்த தேதி ஜூன் இருபத்து மூணு. வார்டு எப்போ திறந்தாங்க?"

"ஜூன் நாலு."

"உள்ளே என்ன எழுதியிருக்கு பாரு. ஒவ்வொரு நோயாளியையும் இருபத்தெட்டு நாள் கவனிச்சாங்களாம்."

சில்லறை விரல் விட்டு எண்ணினான். ஒரு கை தீர்ந்து, இன்னொரு கையும் தீர்ந்து, நூலகரின் கையையும் கடன் வாங்கப் பார்த்தான். "பத்தொன்பது நாள்ல இருபத்தெட்டு நாள்! அண்ணி, ஆளைப் பிடிச்சாச்சு. வாங்க, சாப்பிடப் போகலாம்."

"உட்காரு. ‘தேதி அச்சுப்பிழை’ன்னு ஒரே வார்த்தையில ஊதிட்டுப் போயிடுவார். நாலு மணிக்கு இது தாங்காது." அண்ணி எழுந்தாள். "இந்தப் பேப்பரை எத்தனை பேர் ஆதாரமா காட்டியிருக்காங்க சார்?"

"முந்நூத்தி எழுபது கட்டுரை."

"ஒரு பொய்க்கு முந்நூத்தி எழுபது பேரப்பிள்ளைங்க" என்றான் சில்லறை. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

பழைய கொரோனா வார்டு இப்போது மறுபடியும் காய்ச்சல் வார்டாகியிருந்தது. நீள நடைபாதையின் முடிவில் ஒற்றைக் கதவு, அதில் முகம் தெரிகிற உயரத்தில் பெரிய கண்ணாடிச் சதுரம். கண்ணாடியின் உள்பக்கம், நாலு மூலையிலும் செல்லோடேப் ஒட்டி உரித்த பசைத்தழும்பு. ஒன்றின் மேல் ஒன்றாக, மஞ்சள் பூத்து, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. வெளிப்பக்கம், கதவை ஒட்டி, யாரும் எடுத்துப்போடாத உயரமான ஒரு ஸ்டூல்.

ஹெட் நர்ஸ் வெளியே வந்தாள். நெடுநெடுவென்று, இரண்டு படுக்கை தள்ளி இருப்பவனும் தானாக நிமிர்ந்து படுக்கிற மாதிரி ஒரு குரல்.

"என்ன சிஸ்டர், இந்தக் கதவுல சினிமா போஸ்டர் ஒட்டுவீங்களா?" என்றான் சில்லறை.

"ஒட்டினோம்" என்றாள் அவள். "பதினெட்டு மாசம் ஒட்டினோம்."

அண்ணி அவனைப் பார்வையாலேயே ஓரம்கட்டிவிட்டு, சிஸ்டரைக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போனாள். ஐந்து நிமிஷம் ரகசியம். சில்லறை காதைக் கழற்றி அந்தப் பக்கம் வீசாத குறையாக நின்றும், கடைசிக் கேள்விதான் கிடைத்தது.

"பேராசிரியர் அந்தப் பதினெட்டு மாசத்துல எத்தனை தடவை உள்ளே வந்தார்?"

சிஸ்டர் கையை உயர்த்தினாள். விரல்கள் மடங்கியே இருந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை.

"த்தூ" என்றான் சில்லறை தன்னையறியாமல்.

"இங்கே துப்பக் கூடாது" என்றாள் சிஸ்டர், கை இன்னும் இறங்காமல்.

மூன்றரைக்கு ஆவண அறைப்பக்கம் ஒரே கூட்டம். வழக்கமாக எலியும் அக்காவும் மட்டும் இருக்கிற இடம்.

"கிடைச்சிடுச்சு!" என்று யாரோ சொன்னார்கள்.

அக்காவின் இரும்பு அலமாரி திறந்திருந்தது. கீழ்த்தட்டில் பழைய போர்வைக்குப் பின்னால், நூல் கட்டிய ஒரு பெரிய கட்டு. இயக்குநரின் உதவியாளர் எண்ணி முடித்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கேஸ் ஷீட். ஒன்று குறையவில்லை. நோயாளி வயது, காய்ச்சல், மாத்திரை, ஒவ்வொன்றின் அடியிலும் பேராசிரியரின் கையெழுத்து.

சில்லறை எக்கிப் பார்த்தான். காலையிலிருந்து இல்லவே இல்லை என்று நம்பிய தாள்கள், அக்காவின் அலமாரியில், அக்காவின் போர்வைக்குப் பின்னால்.

பேராசிரியர் வாசலில் நின்றார். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்ட மடிப்பு கத்திபோல நின்றது. "பாவம், பயத்துல மறைச்சு வெச்சுட்டாங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "வயசாகுதில்ல? கடுமையா எதுவும் செஞ்சுடாதீங்க டைரக்டர். டீ சொல்லுங்கப்பா எல்லாருக்கும்."

அந்தப் பரிவைக் கேட்டதும் சில்லறைக்கு உடம்பில் எண்ணெய் ஊற்றினாற்போல இருந்தது.

"இந்தத் தாள் எப்படி..." என்று அக்கா எழுந்தாள். அண்ணி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இப்போ பேசாதீங்க அக்கா. சாப்பிடப் போகும்போது சாவி எங்கே இருக்கும்?"

"கதவுக்குப் பக்கத்துல ஆணியில."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

சில்லறை குனிந்தான். "அக்கா... ஒருவேளை நீங்களே எங்கேயாவது வெச்சுட்டு..."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரியாக நாலு மணி. இயக்குநரின் அறை. நீள மேஜை, ஒரு முனையில் இயக்குநர், பக்கத்தில் பேராசிரியர், எதிரில் அக்காவும் அவளுக்குத் துணையாக வந்த இருவரும். மூலையில் கம்ப்யூட்டரோடு ஒரு டைப்பிஸ்ட் பெண்.

"ஒரு வார்த்தை விடாம அடிக்கணும்மா" என்றார் பேராசிரியர் அவளிடம். "இன்னைக்கே ஜர்னலுக்குப் போகணும். என் பேர்ல ஒரு தூசி இருக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்று அவள் அதையும் அடித்தாள்.

டீ வந்தது. மேஜைமேல் வைத்திருந்த கேஸ் ஷீட் கட்டிலிருந்து அண்ணி மேலாக ஒரு தாளை உருவினாள்.

"சார், இதெல்லாம் எங்கே எழுதினது?"

"வார்டுலதான். படுக்கைப் பக்கத்துல. என் ஜூனியர்ஸ் எழுதுவாங்க, நான் ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு படுக்கையா நின்னு கையெழுத்துப் போடுவேன்."

"ஒவ்வொரு படுக்கையா?"

"அதானே டாக்டர் வேலை?"

"அப்புறம் ஆவண அறைக்கு எப்படி வந்தது?"

"எப்பவும் வர்ற மாதிரிதான். வார்டு உதவியாளர் கட்டி எடுத்துக்கிட்டு வந்து குடுப்பார். இது என்னம்மா கேள்வி?"

சில்லறை ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் வட்டமாக ஒரு டீக்கறை. அடுத்ததிலும். நாலில் ஒன்றுக்கு இருந்தது. பழசாகத் தெரிய யாரோ மெனக்கெட்டிருந்தார்கள். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், ஒரு சந்தேகம். கொரோனா வார்டுல தலையிலேருந்து கால் வரைக்கும் பிளாஸ்டிக் கவசம், ரெண்டு மாஸ்க், கண்ணாடி. இந்த டீயை எது வழியா குடிச்சாங்க?"

டைப்பிஸ்ட் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிப்பை விழுங்கினாள். பேராசிரியர் கோட்டின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு, "அப்புறமா ஆவண அறையில கொட்டியிருக்கும்" என்று அக்காவின் பக்கம் கையைக் காட்டினார்.

"கொட்டியிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டாள் அண்ணி. "ஆனா அதுக்கு இந்தத் தாள் முதல்ல வார்டை விட்டு வெளியே வந்திருக்கணுமே. சிஸ்டர், உள்ளே வாங்க."

ஹெட் நர்ஸ் வந்தாள். கையில் சட்டம் போட்ட ஒரு காகிதம், நர்ஸ்கள் அறைச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கி வந்தது.

"சத்தமா படிங்க."

"‘கொரோனா வார்டுக்குள் சென்ற எந்தத் தாளும் எக்காரணம் கொண்டும் வெளியே வரக் கூடாது. வார்டுக் குப்பையோடு சேர்த்து மஞ்சள் பையில் கட்டி எரிக்கப்பட வேண்டும்.’ ஜூன் மூணாம் தேதி. கீழே டைரக்டர் சார் கையெழுத்து."

இயக்குநர் தன் கையெழுத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போல எட்டிப் பார்த்தார்.

"பதினெட்டு மாசமும் அப்படித்தான் எரிச்சோம்" என்றாள் சிஸ்டர். "எரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் கதவுக் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டுவோம். இந்த அக்கா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாப் பார்த்து, எழுத்து எழுத்தா நோட்டுல எழுதிப்பாங்க. கையெழுத்து புரியலைன்னா கண்ணாடியில தட்டுவாங்க. நான் கத்துவேன். தினமும் மூணு மணி நேரம். எங்க வார்டுல படுத்தவங்க மொத்தமே அறுபத்து நாலு பேர்தான். ஒருத்தரையும் இவங்க விடலை."

சில்லறைக்கு அந்தப் பசைத்தழும்பு கண்முன் வந்தது. சினிமா போஸ்டராம்! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"ஆக, அந்த வார்டுலேருந்து வந்த தாள்னு யார் எதைக் காட்டினாலும் அது பொய்" என்றாள் அண்ணி. "வார்டுல வேலை செஞ்ச எல்லாருக்கும் இது தெரியும். கூட்டுற அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரியாம இருக்கணும்னா, ஒருத்தர் அந்த வார்டைப் பத்தி நாற்பத்தொரு கட்டுரை எழுதிட்டு, அந்தக் கதவுப்பக்கமே வராம இருந்திருக்கணும்."

டைப்பிஸ்ட் அதையும் விடாமல் அடித்தாள்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார் இயக்குநர் அக்காவிடம், எரிச்சலாக.

"நீங்க போட்ட ஆர்டர் சார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "சார் எழுதின எரநூத்திப் பன்னெண்டு பேர் வேற ஏதோ வார்டு போலன்னு நினைச்சேன். இவ்வளவு படிச்சவங்க இல்லாததையா எழுதப்போறாங்க?"

இயக்குநர் நெற்றியைத் துடைத்தார். பன்னிரண்டாவது சீட்டின் வெப்பம் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் திடீரென்று தேனானது.

"சரி, சரி. அம்மா மேல எந்தத் தப்பும் இல்லைன்னு நான் இப்பவே முடிவு பண்றேன். நீங்க நாளையிலேருந்து நிம்மதியா வேலைக்கு வாங்க. பேப்பர் விஷயம் பழசு, எதுக்குக் கிளறணும்? ஆஸ்பத்திரியோட மானம் இருக்கில்ல? இதோட முடிச்சுக்கலாம். நீ டைப்பை நிறுத்தும்மா."

"நிறுத்தச் சொன்னதையும் அடிச்சுட்டேன் சார்" என்றாள் டைப்பிஸ்ட் தலை நிமிராமல். "ஒரு வார்த்தை விட வேணாம்னு சொன்னாங்க."

பேராசிரியர் தன் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்லறை அக்காவின் பக்கம் திரும்பினான். வேலை பிழைத்தது, பெயர் பிழைத்தது, கிளம்பவேண்டியதுதான். ஆனால் அக்கா கிளம்பவில்லை. துணிப்பையிலிருந்து ஆறு நீல நோட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதல் நோட்டைத் திறந்தாள்.

"ஒருத்தர்கூடச் சாகலைன்னு சார் எழுதியிருக்காராமே" என்றாள். "படுக்கை மூணு. பூட்டு ரிப்பேர் பண்றவர். பதினோராம் நாள் விடியற்காலம் போயிட்டார். அவர் தாளை ஒட்டும்போது சிஸ்டர் அழுதாங்க, கண்ணாடியில மூச்சுப் பட்டு எழுத்து மறைஞ்சுபோச்சு, துடைச்சுட்டு எழுதினேன். படுக்கை ஏழு. பஸ் டிரைவர். பதினாலாம் நாள். வீட்டுக்காரம்மா கீழே கேட்டுல நின்னாங்க, உள்ளே விடலை. படுக்கை ஒன்பது. பள்ளிக்கூட வாசல்ல பென்சில் விக்கிற அம்மா..."

பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒரு மீட்டிங்..."

"உட்காருங்க சார்" என்றாள் அண்ணி. "இன்னைக்குத்தான் முதல் தடவையா ரவுண்ட்ஸ் வந்திருக்கீங்க. பத்தொன்பது படுக்கைதான்."

கதவை மறித்துக்கொண்டு ஹெட் நர்ஸ் நின்றாள். அவர் உட்கார்ந்தார்.

சில்லறைக்குச் சொல்ல ஏதாவது வரும் என்று அண்ணி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. யார் வீட்டு டீயையும் வேண்டாம் என்று சொல்லியறியாத அந்த மனிதன், ஆடை படிந்த தன் கோப்பையை விரல் நுனியால் மேஜையின் அந்தக் கோடிக்கு, அந்த வெள்ளைக் கோட்டின் பக்கம், தள்ளி வைத்தான். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். போதாமல் இன்னொரு தடவையும் துடைத்தான்.

அக்கா தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.

மூலையிலிருந்து டைப்பிஸ்ட் பெண், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கேட்டாள்:

"சொல்லுங்க அக்கா. அடுத்த படுக்கை?"